மெல்பனில் பராமரிப்பு, சமூக சேவை வேலைக்குப் போவது எப்படி: புதிதாக வந்தவர்களுக்கு

ஆஸ்திரேலியாவுக்கு வந்து இறங்கிய தமிழர்களிடம் முதல் மாதத்திலேயே யாராவது ஒருவர் சொல்லிவிடுவார்: "ஏஜ்டு கேர் படியுங்கள், உடனே வேலை கிடைக்கும்." அது பொய்யில்லை. முதியோர் பராமரிப்பிலும் மாற்றுத்திறனாளிகளுக்கான சேவையிலும் ஆள் தேவை தொடர்ந்து இருக்கிறது. ஆனால் அந்த ஒரு வரியை நம்பிக் கையிலிருந்த பணத்தைக் கட்டி, யாரோ காட்டிய வகுப்பில் சேர்ந்து, சான்றிதழையும் வாங்கிக்கொண்டு, வேலை மட்டும் கிடைக்காமல் நிற்பவர்களையும் நான் பார்க்கிறேன். அவர்களில் பலர் நல்ல உழைப்பாளிகள். எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்று யாரும் சொல்லித் தராததால் மாட்டிக்கொண்டவர்கள். அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன். மெல்பனை வைத்து எழுதினாலும், இலவசப் படிப்பு பற்றிய பகுதி தவிர மற்றவை பெரும்பாலும் சிட்னிக்கும் பொருந்தும்.

முதல் படி: எந்த வேலை என்று முடிவு செய்யுங்கள்

"கம்யூனிட்டி சர்வீசஸ்" என்ற ஒரே பெயருக்குள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத வேலைகள் இருக்கின்றன.

முதியோர் இல்லத்திலோ, முதியவர்களின் வீட்டிலோ, மாற்றுத்திறனாளி ஒருவருடனோ நேரடியாக வேலை செய்ய வேண்டுமானால், வழக்கமான நுழைவாயில் சர்ட்டிபிகேட் 3 இன் இன்டிவிஜுவல் சப்போர்ட். குளிக்க வைப்பது, உடை மாற்றுவது, சாப்பாடு கொடுப்பது, கடைக்குக் கூட்டிப்போவது, பேச்சுத்துணையாக இருப்பது எல்லாம் இதில் வரும். இதற்கு அடுத்த நிலையில் மாற்றுத்திறனாளி சேவைக்கும் மனநலத்துக்கும் சர்ட்டிபிகேட் 4 படிப்புகள் இருக்கின்றன. வீடற்றவர்கள், குடும்ப வன்முறையால் பாதிக்கப்பட்டவர்கள், அகதிகள், இளைஞர்கள் ஆகியோருக்கு வழிகாட்டும் கேஸ் வொர்க்கர் வேலைக்கு டிப்ளோமா ஆஃப் கம்யூனிட்டி சர்வீசஸ் படிப்பவர்கள் அதிகம். அதில் உடல் உழைப்பு குறைவு. ஆங்கிலத்தில் எழுதும் வேலை மிக அதிகம்.

ஊரில் சமூகப் பணியில் பட்டம் வாங்கியவர்கள் சர்ட்டிபிகேட் 3-க்கு ஓடுவதற்கு முன் ஒரு நிமிடம் நில்லுங்கள். சென்னையிலோ கொழும்பிலோ வாங்கிய பட்டத்தை ஆஸ்திரேலிய சமூகப் பணியாளர் சங்கம் மதிப்பிடும். அந்த அமைப்பைச் சுருக்கமாக ஏஏஎஸ்டபிள்யூ என்பார்கள். மதிப்பீட்டுக்குச் செலவும் ஆங்கிலத் தேர்வும் உண்டு. ஆனால் அது கைகூடினால் உங்கள் சம்பளமும் பொறுப்பும் வேறு மட்டத்தில் தொடங்கும். அதுவரை செலவுக்காகப் பராமரிப்பு வேலை செய்வதில் தவறில்லை. இருந்த பட்டத்தை மறந்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவதைத்தான் நான் ஏற்கமாட்டேன்.

முடிவெடுக்க ஒரு நல்ல வழி, படிப்பதற்கு முன்பே அந்த இடத்தைப் போய்ப் பார்ப்பது. முதியோர் இல்லங்கள் பலவும் தன்னார்வலர்களைச் சேர்த்துக்கொள்கின்றன. வாரத்தில் சில மணி நேரம் போய் முதியவர்களுடன் உட்கார்ந்து பேசிவிட்டு வாருங்கள். அந்த இடத்தின் வாசனை, சத்தம், மறதிநோய் உள்ள ஒருவர் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பது, இவற்றோடு உங்களால் நாள் முழுக்க இருக்க முடியுமா என்று சில வாரங்களிலேயே தெரிந்துவிடும். முடியாது என்று தெரிந்தால் அது பெரிய லாபம். படிப்பில் ஓராண்டு போகாமல் தப்பித்தீர்கள்.

வீட்டில் இருப்பவர்களிடமும் இப்போதே பேசிவிடுங்கள். "படிச்சுப்போட்டுக் கழுவித் துடைக்கிற வேலையோ" என்று கேட்கும் மாமாக்கள் நம்மிடையே உண்டு. வேறு பாலினத்தவரைக் குளிப்பாட்டுவதில் சிலருக்குத் தயக்கம் இருக்கும். அந்தத் தயக்கம் நியாயமானதே. ஆனால் பயிற்சிக்கு இடம் கிடைத்த முதல் நாள் காலையில் அதைச் சொன்னால் யாராலும் உதவ முடியாது. முன்கூட்டியே சொன்னால் வீட்டு உதவி, வெளியே அழைத்துப்போவது போன்ற பணிகள் அதிகமுள்ள பிரிவைத் தேடலாம்.

இரண்டாம் படி: விசா என்ன சொல்கிறது?

வேலை செய்யும் உரிமை உங்கள் விசாவில் இருக்கிறதா என்பதை உள்துறை அமைச்சின் வீவோ தளத்தில் நீங்களே பார்க்கலாம். மாணவர் விசாவில் இருப்பவர்களுக்கு வகுப்பு நடக்கும் காலத்தில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம்தான். 2023 வரை ஏஜ்டு கேர் வேலைக்குக் கொடுத்திருந்த விலக்கு இப்போது இல்லை. "அது இன்னும் இருக்கிறது" என்று சொல்லி அதிக ஷிஃப்ட் கொடுப்பவரை நம்பாதீர்கள். பாதிக்கப்படப்போவது உங்கள் விசா.

விசா முடிவு வரும்வரை தங்கத் தரும் பிரிட்ஜிங் விசாவில் ஆண்டுக்கணக்காகக் காத்திருக்கும் நம்மவர்களுக்கு: இலவசப் படிப்பெல்லாம் நிரந்தர வதிவிடம் உள்ளவர்களுக்கு மட்டும் என்று நினைத்துப் பலர் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். விக்டோரியாவில் புகலிடம் கோருவோருக்கென்று அரசு மானியப் படிப்புத் திட்டம் தனியாக இருக்கிறது. புட்ஸ்கிரேயில் உள்ள அசைலம் சீக்கர் ரிசோர்ஸ் சென்டரில் அதற்குத் தகுதி பார்த்துக் கடிதம் கொடுப்பார்கள். சிட்னியில் ஸ்மார்ட் அண்ட் ஸ்கில்ட் திட்டத்தின் கீழ் அகதிகளுக்கும் புகலிடம் கோருவோருக்கும் கட்டண விலக்கு உண்டு. கேட்டுப் பாருங்கள். கேட்பதால் விசாவுக்கு எந்தப் பாதிப்பும் வராது.

மூன்றாம் படி: ஆங்கிலம்

நிரந்தர விசாவிலும் மனிதாபிமான விசாவிலும் வந்தவர்களுக்கும், சில தற்காலிக விசாக்காரர்களுக்கும் ஏஎம்ஈபி என்ற இலவச ஆங்கில வகுப்பு உண்டு. முன்பு 510 மணி நேரம் என்று எல்லை இருந்தது. 2021-இல் அதை எடுத்துவிட்டார்கள். சில இடங்களில் வகுப்பு நேரத்தில் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளவும் ஏற்பாடு இருக்கும்.

பேச்சு ஆங்கிலம் ஓரளவு வந்துவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். இந்த வேலையில் ஒவ்வொரு ஷிஃப்டின் முடிவிலும் குறிப்பு எழுத வேண்டும். அதில்தான் நம்மவர்கள் பலர் தடுமாறுகிறார்கள். நீங்கள் பார்த்ததையும் கேட்டதையும் எழுத வேண்டும், உங்கள் அபிப்பிராயத்தை எழுதக் கூடாது. "இன்று அவர் கோபமாக இருந்தார்" என்று எழுதினால் அடுத்த ஷிஃப்டுக்கு வருபவருக்கு எதுவும் புரியாது. "காலை 8 மணிக்குச் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டார், இடது தாடையைக் கையால் பிடித்துக்கொண்டார்" என்று எழுதினால், பல்வலியாக இருக்குமோ என்று தாதி யோசிப்பார். இதே முறையில் உங்கள் வீட்டில் நடப்பதைத் தினம் நான்கு வரி ஆங்கிலத்தில் எழுதிப் பழகுங்கள். செலவில்லாத பயிற்சி, பலன் அதிகம்.

நான்காம் படி: படிப்பைத் தேர்ந்தெடுப்பது

அதிகம் பேர் ஏமாறுவது இங்கேதான். அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

டேஃப் என்பது அரசுத் தொழிற்கல்விக் கல்லூரி. விக்டோரியாவில் 2019 முதல் அங்கே இலவசமாகப் படிக்கும் ஃப்ரீ டேஃப் திட்டம் நடக்கிறது. இன்டிவிஜுவல் சப்போர்ட், மாற்றுத்திறனாளி சேவை, மனநலம், கம்யூனிட்டி சர்வீசஸ் டிப்ளோமா ஆகியவை அதன் பட்டியலில் இருந்துவருகின்றன. டாண்டினாங் பக்கம் இருப்பவர்களுக்குச் சிஷோம், கிளேட்டன், கிளென் வேவர்லி பக்கம் இருப்பவர்களுக்கு ஹோம்ஸ்கிளென் எட்டும் தூரம். படிப்புக் கட்டணம் இல்லை என்றாலும் சீருடை, காவல்துறைச் சான்று, பயணம் என்று சில்லறைச் செலவுகள் வரும். அந்தச் செலவுகளின் பட்டியலைச் சேரும்போதே கேட்டு வாங்குங்கள். இலவச இடத்தை நினைத்தபடி துறை மாற்றி மாற்றி எடுக்க முடியாது. முதல் படியில் சொன்ன முடிவை அவசரப்படாமல் எடுக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒவ்வொரு டேஃபிலும் ஸ்கில்ஸ் அண்ட் ஜாப்ஸ் சென்டர் என்று ஒன்று இருக்கிறது. அங்கே மாணவராகச் சேராதவர்களுக்கும் இலவசமாக ஆலோசனை சொல்வார்கள். எந்தப் படிப்புக்குத் தகுதி, ஊரில் செய்த வேலைக்கு ஏதாவது பாடத்தில் விலக்கு கிடைக்குமா, ரெஸ்யூமேயை எப்படித் திருத்துவது என்று எல்லாம் கேட்கலாம். ஏஜென்ட் யாரிடமும் போகும் முன் அங்கே போங்கள்.

தனியார் பயிற்சி நிறுவனங்களிலும் நல்லவை இருக்கின்றன. ஆனால் பணம் கட்டும் முன் இவற்றைப் பாருங்கள். தேசியப் பயிற்சிப் பதிவேட்டு இணையதளத்தில் அந்த நிறுவனத்தின் பெயரும், நீங்கள் சேரப்போகும் படிப்பின் குறியீடும் இருக்க வேண்டும். அங்கே "முன்னாள்" என்று காட்டும் பழைய படிப்பைத் தள்ளிவிடப் பார்க்கிறார்களா என்று கவனியுங்கள். செய்முறைக்குக் கட்டிலும், தூக்கும் ஹாய்ஸ்ட் இயந்திரமும், சக்கர நாற்காலியும் உள்ள அறையைக் காட்டச் சொல்லுங்கள். அதைவிட முக்கியமான கேள்வி பணியிடப் பயிற்சியான பிளேஸ்மென்ட் பற்றியது: "பிளேஸ்மென்ட்டை நீங்கள் ஏற்பாடு செய்வீர்களா, நானே தேட வேண்டுமா? எந்த இல்லங்களுடன் ஒப்பந்தம் இருக்கிறது?" சர்ட்டிபிகேட் 3-க்கு குறைந்தது 120 மணி நேரம் உண்மையான பணியிடத்தில் வேலை செய்தாக வேண்டும். அந்தக் கேள்விக்கு மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள்.

"வகுப்புக்கே வர வேண்டாம், இரண்டு வாரத்தில் சான்றிதழ்" என்று வாட்ஸ்அப் குழுவில் வரும் விளம்பரத்தைத் தொடவே தொடாதீர்கள். ஏற்கெனவே உள்ள அனுபவத்தை மதிப்பிட்டுச் சான்றிதழ் தரும் ஆர்பிஎல் முறை சட்டப்படியானதுதான். ஆனால் அதற்கு உங்கள் வேலைக்கான ஆதாரங்களைப் பார்ப்பார்கள், செய்துகாட்டச் சொல்வார்கள். அதன் பெயரைச் சொல்லிக் காசுக்குச் சான்றிதழ் விற்ற நிறுவனங்களின் மீது, பயிற்சித் துறையைக் கண்காணிக்கும் அஸ்க்வா 2024 கடைசியிலிருந்து நடவடிக்கை எடுத்துவருகிறது. ஆயிரக்கணக்கானோரின் சான்றிதழ்கள் ரத்தாகியிருக்கின்றன. பராமரிப்புப் படிப்புகளும் அதில் அடக்கம். வேலையில் இருந்தவர்களுக்குக்கூட "உங்கள் சான்றிதழ் செல்லாது" என்று கடிதம் வந்தது. கட்டிய பணத்தை விடுங்கள், அந்தக் கடிதத்தை முதலாளியிடம் காட்ட வேண்டிய நிலையை நினைத்துப் பாருங்கள்.

எங்கே படித்தாலும் யூஎஸ்ஐ எனும் மாணவர் அடையாள எண் வேண்டும். இணையத்தில் நீங்களே இலவசமாக எடுக்கலாம். அதற்குக் காசு கேட்பவரிடம் வேறு எதையும் நம்பி ஒப்படைக்க வேண்டாம்.

ஐந்தாம் படி: சான்றுகள்

படிப்பு தொடங்கியவுடனே இவற்றைத் தொடங்கிவிடுங்கள், முடியும்வரை காத்திருக்க வேண்டாம். முதியோர் பராமரிப்புக்கு மூன்று ஆண்டுக்குள் எடுத்த காவல்துறைச் சான்று, அல்லது மாற்றுத்திறனாளிகளுக்கான தேசியத் திட்டமான என்டிஐஎஸ்-இன் வொர்க்கர் ஸ்கிரீனிங் அனுமதி வேண்டும். 16 வயதுக்குப் பிறகு வேறு நாட்டின் குடிமகனாகவோ நிரந்தர வதிவாளராகவோ இருந்தவர்களிடம், அதாவது நம் எல்லோரிடமும், ஒரு சட்டப்பூர்வ உறுதிமொழிப் பத்திரமும் கேட்பார்கள். அதை மருந்தாளுநர் போன்ற அங்கீகாரம் பெற்ற ஒருவர் முன் கையெழுத்திட வேண்டும். வழக்கறிஞருக்குப் பணம் கொடுக்கத் தேவையில்லை.

மாற்றுத்திறனாளி சேவைக்கான என்டிஐஎஸ் அனுமதி 5 ஆண்டு செல்லும், எந்த மாநிலத்தில் எடுத்தாலும் நாடு முழுக்கப் பொருந்தும். சிறுவர்களோடு வேலை என்றால் வொர்க்கிங் வித் சில்ட்ரன் செக் வேண்டும். விக்டோரியாவில் தன்னார்வலர்களுக்கு அது இலவசம். ஆனால் தன்னார்வ அட்டையை வைத்துச் சம்பள வேலை செய்யக் கூடாது, மாற்றிக்கொள்ள வேண்டும்.

பாஸ்போர்ட்டில் ஒரு பெயர், ஓட்டுநர் உரிமத்தில் வேறு பெயர், வங்கியில் அப்பா பெயர் குடும்பப் பெயராக என்று இருப்பது நமக்கே உரிய சிக்கல். பெயர் ஒத்துப்போகாவிட்டால் இந்தச் சான்றுகளெல்லாம் வாரக்கணக்கில் தேங்கிவிடும். விண்ணப்பிக்கும் முன் எல்லாவற்றையும் பாஸ்போர்ட்டில் உள்ளபடி ஒரே மாதிரி ஆக்கிக்கொள்ளுங்கள்.

முதலுதவிப் பயிற்சி ஒரே நாளில் முடியும். நின்றுபோன மூச்சையும் இதயத்துடிப்பையும் மீட்கும் சிபிஆர் பகுதியை ஆண்டுக்கொரு முறை புதுப்பிக்கச் சொல்வார்கள். என்டிஐஎஸ் ஆணையம் தரும் தொழிலாளர் அறிமுகப் பாடம் இணையத்தில் இலவசம், ஒன்றரை மணி நேர வேலை. முடித்து அதன் சான்றிதழை ரெஸ்யூமேயோடு வையுங்கள். வீடு வீடாகப் போகும் வேலைக்குக் கார் வேண்டும். நிரந்தர விசாவில் வந்தவர்கள் ஊர் உரிமத்தை வைத்து விக்டோரியாவில் 6 மாதம்தான் ஓட்ட முடியும், ஆகவே உள்ளூர் உரிமத்துக்கு முதலிலேயே முயலுங்கள். காரில் வேலைக்காகப் பயணிப்பதை உங்கள் காப்புறுதி ஏற்கிறதா என்றும் கேளுங்கள்.

ஆறாம் படி: பிளேஸ்மென்ட்தான் உங்கள் நேர்முகத் தேர்வு

120 மணி நேரத்துக்கும் சம்பளம் இருக்காது. 2025 ஜூலை முதல் அரசு கொடுக்கும் பயிற்சிக்கால உதவித்தொகை சமூகப் பணிப் பட்டம் படிப்பவர்களுக்கு உண்டு, சர்ட்டிபிகேட் 3 மாணவர்களுக்கு இல்லை. ஆகவே அந்தச் சில வாரங்களுக்கான வீட்டுச் செலவை முன்பே ஒதுக்கிவையுங்கள். இரவு வேலை ஒன்றையும் செய்துகொண்டு காலையில் பிளேஸ்மென்ட்டுக்குத் தூக்கக் கண்ணோடு போனால் நீங்கள் யார் என்பது அங்கே தெரியாமல் போய்விடும்.

முதியோர் இல்லங்களில் 2024 அக்டோபர் முதல் ஒரு முதியவருக்கு ஒரு நாளைக்குச் சராசரியாக 215 நிமிடப் பராமரிப்பு கொடுக்க வேண்டும் என்ற கணக்கு இருக்கிறது. அதனால் நல்ல கை ஒன்று கண்ணில் பட்டால் மேலாளர்கள் விடமாட்டார்கள். பத்து நிமிடம் முன்னதாகப் போங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். ஹாய்ஸ்ட்டை ஒருபோதும் தனியாக இயக்காதீர்கள், அவசரத்தில் யாராவது கேட்டாலும். குளிக்க மறுக்கும் ஒருவரைக் கட்டாயப்படுத்தாமல், கொஞ்சம் விட்டு மறுபடி கேட்டு, அப்புறமும் மறுத்தால் தாதியிடம் சொல்லிக் குறித்துவைப்பதுதான் முறை. நேர்முகத் தேர்வுகளில் அடிக்கடி வரும் கேள்வியும் இதுதான்.

கடைசி வாரத்தில் மேற்பார்வையாளரிடம் நேராகக் கேளுங்கள்: "இங்கே கேஷுவல் (நிரந்தர மணி நேரம் இல்லாமல், தேவைப்படும்போது கூப்பிடும்) இடம் இருக்கிறதா? உங்கள் பெயரைச் சிபாரிசுக்குக் கொடுக்கலாமா?" நாம் வளர்ந்த விதத்தில் இப்படிக் கேட்பது கூச்சமாக இருக்கும். இங்கே யாரும் தவறாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள். கேட்காவிட்டால் உங்களுக்கு விருப்பமில்லை என்று நினைத்துக்கொள்வார்கள். உள்ளூர்ச் சிபாரிசு ஒன்று கையில் வந்துவிட்டால் மீதி வேலை பாதியாகிவிடும்.

தமிழை ரெஸ்யூமேயில் மேலே போடுங்கள்

மொழி தெரிந்த விவரத்தைப் பலர் கடைசி வரியில் ஒளித்துவைக்கிறார்கள். மறதிநோய் முற்றும்போது பின்னாளில் கற்ற ஆங்கிலம் பலருக்கு முதலில் நழுவிப்போகிறது. நாற்பது ஆண்டு இங்கே ஆங்கிலத்தில் வேலை பார்த்த ஒருவர், தண்ணீர் வேண்டும் என்பதைத் தமிழில் மட்டுமே சொல்லும் நிலைக்கு வருகிறார். சுற்றி இருப்பவர்களுக்குப் புரியாவிட்டால் அவர் கத்துகிறார், அதைக் குழப்பமான நடத்தை என்று எழுதிவிடுகிறார்கள். அந்த இடத்தில் தமிழ் தெரிந்த ஒருவர் செய்யக்கூடியதை வேறு எந்தச் சான்றிதழும் செய்யாது. தமிழர் அதிகமுள்ள பகுதிகளில் சேவை நடத்தும் நிறுவனங்களுக்கு இது தெரியும்.

மொழியில் இன்னும் ஆர்வம் இருந்தால் மொழிபெயர்ப்பாளர்களுக்குத் தகுதிச் சான்று தரும் நாட்டி அமைப்பின் சான்றிதழ் பெற்று மொழிபெயர்ப்பாளராகவும் போகலாம். அதற்குத் தனிப் பயிற்சி வேண்டும். இரு மொழியும் தெரிந்த பராமரிப்பாளர் மருத்துவ விஷயங்களில் மொழிபெயர்க்க முன்வரக் கூடாது. மருந்தின் அளவில் ஒரு சொல் பிசகினால் உயிர் சம்பந்தப்பட்டது.

தமிழ் முதியவர்களோடு வேலை செய்யும்போது வேறொரு கவனமும் தேவை. அந்த அம்மா உங்களை "பிள்ளை" என்று கூப்பிடுவார், சோறு போடுவார், தீபாவளிக்குச் சேலை தருவார், ஞாயிற்றுக்கிழமை கேரம் டவுன்ஸ் கோவிலுக்குக் கூட்டிப்போகச் சொல்வார். அன்பு உண்மையானது. ஆனாலும் பரிசு, பணம், வேலை நேரத்துக்கு வெளியே உதவி ஆகிய மூன்றையும் உங்கள் ஒருங்கிணைப்பாளரிடம் சொல்லிவிட்டே முடிவு செய்யுங்கள். அவர் வீட்டில் கண்டதையும் கேட்டதையும் கோவிலிலோ கலியாண வீட்டிலோ பேசாதீர்கள். நம் சமூகம் சின்னது. யார் என்று பெயர் சொல்லாவிட்டாலும் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

ஏழாம் படி: வேலை தேடலும் முதல் சம்பளமும்

அரசின் சென்டர்லிங்க் உதவித்தொகை பெறுபவர்கள், அரசு வேலைதேடல் சேவையான வொர்க்ஃபோர்ஸ் ஆஸ்திரேலியாவின் முகவரிடம் பதிவாகியிருப்பீர்கள். சீருடை, காலணி, காவல்துறைச் சான்று, முதலுதவி வகுப்பு ஆகியவற்றுக்கு அவர்களிடம் எம்ப்ளாய்மென்ட் ஃபண்ட் என்ற நிதி இருக்கிறது. நீங்களாகக் கேட்காமல் பெரும்பாலும் வராது.

வேலை கிடைத்ததும் உங்களை எந்த அவார்டின் கீழ் எடுக்கிறார்கள் என்று கேளுங்கள். அவார்டு என்பது ஒரு துறையின் குறைந்தபட்சச் சம்பளத்தையும் நிபந்தனைகளையும் சொல்லும் சட்ட ஆவணம். முதியோர் இல்லத்துக்கு ஏஜ்டு கேர் அவார்டு. வீட்டுப் பராமரிப்பு, மாற்றுத்திறனாளி சேவை என்றால் ஷாட்ஸ் என்று எல்லோரும் சொல்லும் அவார்டு. ஷாட்ஸில் 2022 ஜூலை முதல் பகுதிநேர, கேஷுவல் வீட்டுப் பராமரிப்பாளரை ஒருமுறை அழைத்தால் குறைந்தது 2 மணி நேரச் சம்பளம் தர வேண்டும். முக்கால் மணி நேர வேலைக்கு ஊரின் மறுகோடிக்கு ஓடவிட்டு முக்கால் மணிக்கு மட்டும் காசு கொடுப்பது சரியல்ல. ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குச் சொந்தக் காரில் போனால் கிலோமீட்டர் படி உண்டு. கேஷுவல் என்றால் 25 சதவீதம் கூடுதல்.

"ஏபிஎன் எடுத்து வாருங்கள், மணிக்கு அதிகம் தருகிறோம்" என்று சிலர் சொல்வார்கள். ஏபிஎன் என்பது சொந்தத் தொழில் செய்பவரின் வணிக எண். நேரத்தையும் இடத்தையும் வேலையையும் அவர்களே தீர்மானித்துக்கொண்டு உங்களைச் சுயதொழில் செய்பவராகக் காட்டுவது சட்டவிரோதமாக இருக்கலாம். அப்படிப் போனால் சூப்பர் எனும் ஓய்வுகாலச் சேமிப்பு பெரும்பாலும் வராது, விடுப்பு இல்லை, முதுகு பிடித்துக்கொண்டால் தொழிலாளர் இழப்பீடும் கிடைக்காமல் போகலாம். இந்த வேலையில் முதுகு பிடிக்கும். ஆளைத் தூக்கும் வேலை அது. தொடக்கத்தில் ஊழியராகவே சேருங்கள் என்பது என் உறுதியான கருத்து.

சம்பளம் வந்த ஒரு வேலை நாளுக்குள் பேஸ்லிப் தந்தாக வேண்டும். மணி, விகிதம், 12 சதவீத சூப்பர் மூன்றையும் உங்கள் நாட்குறிப்போடு ஒப்பிடுங்கள். கணக்கு இடித்தால் முதலில் சம்பளப் பிரிவிடம் மின்னஞ்சலில் கேளுங்கள், எழுத்தில் இருப்பது நல்லது. பதில் வராவிட்டால், சம்பளப் புகார்களைக் கவனிக்கும் அரசு அமைப்பான ஃபேர் வொர்க் ஒம்புட்ஸ்மன் எண் 13 13 94. ஆங்கிலத்தில் பேசத் தயக்கமாக இருந்தால் முதலில் 131 450-ஐ அழைத்து "தமிழ்" என்று சொல்லுங்கள், மொழிபெயர்ப்பாளரை இணைத்து அங்கே தொடர்பு கொடுப்பார்கள்.